மெர்வ் ஹேட்ரிக்கின் தையல்

ஆலோரா என்ற சிற்றூருக்கு வெளியே, சோளக்காட்டைத் தாண்டி இருக்கிறது மெர்வ் ஹேட்ரிக்கின் தகரக் கொட்டகை. பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மெர்வ் இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. என் மனைவி ஜோசி இறந்து ஏழு மாதம்.

மெர்வின் மனைவி நோரீன் வாசலில் நின்றிருந்தார்.

"வந்துட்டியா கேலம். இளைச்சுட்ட. பெல்ட்டுல புதுசா எத்தனை ஓட்டைடா போட்ட? கோணல்மாணலா இருக்கு. மெர்வ் பார்த்திருந்தா உன்னைத் தொலைச்சிருப்பாரு."

"ரெண்டுதான், நோரீன்."

"டீ அப்புறம் குடிக்கலாம். முதல்ல வந்து கேளு."

தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தினமும் மதியம் தைக்கிறாரு. மன்னிச்சேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா நிம்மதியாப் போயிடுவாரு."

மெர்வ் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்து, சார்ஜெண்டாக வெளியே வந்தவர். வியட்நாமுக்குப் பிறகு அவருக்குச் சத்தம் ஆகாது. தோல் சத்தம் போடாது என்பார். குதிரைச் சேணம் தைத்தார். பழைய குதிரை வண்டிகளைப் பிரித்து, மரத்தையும், இருக்கைக்கு அடியில் அதிர்வு தாங்கும் இரும்பு வில்லையும் மாற்றி ஓடவைத்தார். கோழிகள் அடைந்து கிடந்த எங்கள் வண்டியையும் அவர்தான் மீட்டார். அதை ஒப்படைத்த அன்று எங்கள் இருவரையும் அணிவகுப்பில் நிற்பதுபோல் நிற்கவைத்தார்.

"வண்டியில பூட்டின குதிரைக்குக் கடிவாளத்தைக் கழட்டக் கூடாது. இடியே விழுந்தாலும் கூடாது. பக்கத்துப் பார்வையை மறைக்கிற கண்பட்டையும் அதோட போயிடும். பின்னாடி சக்கரத்தைப் பார்த்துக் குதிரை மிரண்டுடும். புரிஞ்சுதா?"

ஜோசி சல்யூட் அடித்தாள்.

"சல்யூட்டெல்லாம் ஆபீசருங்களுக்கு. நான் வேலை செஞ்சு சாப்பிட்டவன்" என்றார்.

ஜோசியோடு வண்டி உருண்டு அவள் இறந்தபோது, குதிரையை வண்டியோடு பிணைக்க மெர்வ் தைத்த தோல்வார் அறுந்திருந்தது. அறுந்த முனையை மெர்வ் கட்டைவிரலால் வெகுநேரம் தடவினார். அடக்கத்தன்று என் முன்னால் விறைப்பாக வந்து நின்றார்.

"என் தையல் விட்டுடுச்சு, மகனே. என் தப்பு."

நான் எதுவும் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் ஊசியைத் தொடவில்லை.

கொட்டகைக்குள் தேன்மெழுகும் எண்ணெயும் மணத்தன. மூலையில் எங்கள் வண்டி. சக்கரத்தை மட்டும் மெர்வ் சரிசெய்து நிறுத்தியிருந்தார்.

கேட்டேன்.

தோலில் ஊசி இறங்கும் மெல்லிய முனகல். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நூலை இழுக்கும் சர்ர். ஓர் இடைவெளி. மறுபடியும்.

பணிமேசையில் யாரும் இல்லை.

மெர்வ் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கித் தைக்கும் மரக்கவ்வியில், அறுந்த அந்த வார் செருகியிருந்தது.

"நான் வைக்கல" என்று நோரீன் கிசுகிசுத்தார். "சொல்லிடு கண்ணு."

"மெர்வ், நான் உங்களை மன்னிச்சுட்டேன்."

சர்ர்.

"மன்னிச்சுட்டேன். போங்க மெர்வ்."

சர்ர். சர்ர்.

வேகமாக. வார் நடுங்கியது.

"தையல் விடல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "உங்க தையல் விடல மெர்வ். குதிரைக் கண்ணுல ஈ மொய்ச்சுது. ஜோசி வண்டியில உட்கார்ந்திருந்தா. துடைச்சுவிட ஒரு நிமிஷம்தானேன்னு நான் கடிவாளத்தைக் கழட்டினேன். அது மிரண்டு ஓடிப்போய் மரத்துல மோதினப்பதான் வார் அறுந்துச்சு. யாரும் வர்றதுக்குள்ள கடிவாளத்தை நானே திரும்ப மாட்டிட்டேன்."

சத்தம் நின்றது.

நோரீன் என்னைப் பார்க்கவில்லை. வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மாசம்டா. அந்த முனையைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தாரு."

"தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்?"

வெளியே போனார். சரளைக்கல்லில் காலடிகள் தேய்ந்தன.

மெழுகு மணம் போய்விட்டிருந்தது. மெர்வும் போய்விட்டார் என்று நினைத்தேன்.

அப்போது வண்டி முனகியது.

வலப்பக்க வில் மெதுவாக அழுந்தியது. ஓட்டுபவர் உட்காரும் பக்கம். எடை குறைந்த ஒருவர் ஏறி உட்கார்ந்த அளவுக்கு.

அன்று அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து, குனிந்து கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் கடிவாளத்தைக் கழற்றியதை அவள் பார்க்கவில்லை. குதிரை ஏன் ஓடியது என்று தெரியாமலே போனாள்.

இப்போது கேட்டுவிட்டாள்.

"ஜோசி" என்றேன்.

இருட்டும்வரை நின்றேன். அந்த வில் மேலே எழவில்லை.