பழைய சான்றிதழைக் காட்டியவன்

விடுமுறை நாள் மதியம் ரத்த வங்கியின் கணினி அலுவலகத்தில் ஆளே இல்லாவிட்டாலும் ஏசி மட்டும் விசுவாசமாக வேலை செய்துகொண்டிருந்தது. அக்கா உள்ளே நுழைந்தபோது அறை விறைத்துக் கிடந்தது. தம்பியும் இங்கேயே வேலை பார்த்து அப்படிக் கூப்பிட்டதில், அவளைவிட மூத்த மேலாளர் உட்பட எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள்.

மூலையில் ‘பூட்டு’ உட்கார்ந்திருந்தான். கணினிப் பாதுகாப்பு அவன் பொறுப்பு. சொந்த சைக்கிளை இரண்டு முறை தொலைத்தவன்.

“காலையிலேர்ந்து ஒரு ஆஸ்பத்திரியாலயும் நம்மகிட்ட ரத்தம் கேட்க முடியல அக்கா. ‘இவனை நம்பாதே’ன்னு அவங்க கம்ப்யூட்டரே ஒதுங்கிடுது.”

“நாம யாருன்னு காட்டுற சான்றிதழ் காலாவதியா?”

“புதுசு நேத்தே வந்து உட்கார்ந்திருக்கு. கோரிக்கை வாங்க வாசல்ல நிக்கிற நிரல் இருக்கானே, அவன்தான் பழசையே நீட்டுறான். எழும்பும்போது ஒரு தடவை படிச்சதோட சரி. நிறுத்தி எழுப்பினாத்தான் புதுசைப் பார்ப்பான்.”

அவளுக்குத் தெரியும். ரத்தக் கோரிக்கைகளை வாங்கும் அந்த நிரல், கணினிக்குள் அடைத்த அறை போன்ற ஒரு கண்டெய்னரில் ஓடியது. அதை ஓடவிட்டவன் தம்பி. அன்று மாலை மழையில் பைக்கை எடுத்தவன் வீடு வந்து சேரவில்லை. அதன்பின் எல்லாவற்றையும் நிறுத்தி எழுப்பும் ஒவ்வொரு முறையும் இதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். அவன் கையால் எழுப்பியது, ஓடும்வரை ஓடட்டும். அலுவலகத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

“நான் வேணா நிறுத்திடவா?” என்றான் பூட்டு, தரையைப் பார்த்தபடி.

“நானே பண்றேன். நீ போய் காபி கொண்டு வா.”

“மெஷின் ரிப்பேர் அக்கா.”

“அப்ப ரிப்பேர் பண்ணிக் கொண்டு வா.”

அவன் போனதும் தன் கணினியிலிருந்து கண்டெய்னருக்குள் நுழைந்தாள். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான். கறுப்புத் திரை திறந்தது. நனைந்த ஹெல்மெட்டின் வாடை அடித்தது.

அவள் விசைப்பலகையைத் தொடவில்லை; எழுத்து தானாக விழுந்தது.

*அக்கா.*

கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

*எல்லா ஆஸ்பத்திரியும் கதவைச் சாத்துது. நான் என்ன தப்பு பண்ணேன்?*

பிறகு விசைகளைத் தட்டினாள். *உன் தப்பு இல்லடா. உன் தேதி முடிஞ்சிடுச்சு.*

*எப்ப?*

*மழைக்காலத்துல.*

ஏசியின் இரைச்சல்கூட நின்றுபோனது.

*அதான் யாருமே என்கூடப் பேசலையா? எல்லாருக்கும் என்மேல கோபம்னு நினைச்சேன்.*

அவள் திரையில் உள்ளங்கையை வைத்தாள். ஈரமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்: *ரத்தத்துக்கு ஆளுங்க காத்துட்டிருக்காங்கடா. நிறுத்தட்டுமா?*

*இதைக்கூடக் கேப்பியா? சீக்கிரம் நிறுத்து. அவங்களுக்கும் லேட்டாயிடப் போகுது.*

கட்டளையைக் கொடுத்தாள்.

புதியது எழுந்தது, புதுச் சான்றிதழைக் காட்டியது. அடைபட்டிருந்த கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. காபி இல்லாமல் திரும்பிய பூட்டு தன் திரையைப் பார்த்து, “அப்பாடா, நம்பிட்டாங்க” என்று நாற்காலியில் சரிந்தான்.

பிறகு நிமிர்ந்தான்.

“அக்கா, பழைய கண்டெய்னர் ‘முடிகிறது’ன்னே காட்டுது. முடிய மாட்டேங்குது.”

“கொஞ்ச நேரம் ஆகும்.”

“அதில்ல.” குரல் தாழ்ந்தது. “அது எந்த மெஷின்ல ஓடுச்சுன்னு இப்பதான் பார்த்தேன். அந்த மெஷினை போன மாசமே பிடுங்கி பழைய இரும்புக்குப் போட்டாச்சு. ஒயர்கூட இல்ல. இத்தனை நாளா யாரு ஓட்டினது?”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மூட மறந்த கறுப்புத் திரையில் எழுத்துகள் நிதானமாக வந்தன.

*நீ வீட்டுக்குக் கிளம்பு அக்கா. நான் பின்னாடியே வரேன்.*