கேட்காமல் போட்ட கோடு

கொளஞ்சி முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டே வந்தாள். ஒன்று... இரண்டு... ஏழு... பதினொன்று... மலைச்சரிவில் இருந்த அவளுடைய கொல்லைக்குக் குறுக்கே யாரோ சுண்ணாம்புக் கோடு போட்டு, வரிசையாகக் குச்சி அடித்திருந்தார்கள். சாண் உயரம் வளர்ந்த சாமையை வேறு மிதித்துத் தொலைத்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் பிடுங்கினாள்.

கோடு நேராக வந்திருக்கிறதா என்று பார்க்க, எதிரே ஒருவன் பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தான். வந்தவன் அவள்மேலேயே மோதினான். மடியிலிருந்த குச்சிகள் அத்தனையும் சிதறின.

"ஐயோ... யாருங்க நீங்க?"

"நான் யாரா? இந்தக் கொல்லைக்காரி! நீ யாருய்யா?"

அவன் திரும்பினான். தூறல் விழுந்து நனைந்திருந்த இமைகள்... அதற்குள் மிரண்டு விழித்த இரண்டு பெரிய கண்கள்... 'இந்த நேரத்தில் இவன் கண் எப்படி இருந்தால் எனக்கென்ன?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள் கொளஞ்சி.

"கண்ணாயிரங்க. வெள்ளிமலப் பக்கம். நீர்ப்பிடிப்புக் குழுவுல வேல செய்றேன். மழ பேஞ்சா இங்கேர்ந்து மண்ணு அரிச்சிக்கினு கோமுகி அணைக்குப் போயிடுது. அத நிறுத்தத்தான் கல்லு வரப்பு. அணைத் தண்ணிய நம்பியிருக்கற கச்சிராயபாளையத்து வெவசாயிங்களும் மேல வந்து கல்லு தூக்கறாங்க. நெலத்துக்காரங்க சம்மதம் இல்லாம நாங்க கைய வெக்க மாட்டோங்க."

"சம்மதமா? எவன் குடுத்தான்?"

அவன் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். நிலத்துக்காரர் என்ற இடத்தில் பாவாடை என்று கையெழுத்து இருந்தது. அவளுடைய சித்தப்பா!

கொளஞ்சி தாளை அவன் கையிலேயே திணித்தாள். அப்பா செத்து நாலு வருஷம் ஆகிறது. உழுதது அவள், விதைத்தது அவள், பரண்மேல் உட்கார்ந்து பன்றி விரட்டியது அவள். சித்தப்பா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இன்றைக்கு இந்தத் தாளில் அவர் பெயர் நிலைத்துவிட்டால் நாளைக்கு நிலமும் அவருடையதாகிவிடும்.

"அவருதான் வூட்டுக்கு ஆம்பளைன்னு சொன்னாருங்க..."

"ஆம்பளைன்னா நெலம் தானா வந்து ஒட்டிக்குமா? யாரு உழறாங்கன்னு ஒரு வார்த்த கேக்க உனக்கு வாய் இல்ல?"

அவன் பதிலுக்குக் கத்துவான், அப்போது இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கொடுக்கலாம் என்று அவள் தயாராக நின்றாள். அவனோ தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்டிருக்கணுங்க... தப்பு என்மேலதான்."

மழை வலுத்தது. அவன் நனைந்தபடியே குச்சிகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினான். பாவி, சண்டைகூடப் போடாமல் போகிறானே என்று அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

மறுவாரம் மாரியம்மன் கோயில் முன்னால் குழுக் கூட்டம் நடந்தது. எல்லோருக்கும் முன்னால் கண்ணாயிரம் எழுந்தான்.

"அந்தச் சம்மதம் செல்லாதுங்க. உழறவங்களக் கேக்காம வாங்கிட்டேன்."

பாவாடை துள்ளி எழுந்தார். "நாளைக்கு ஒருத்தன் பின்னால போற பொண்ணு அது! அதுகிட்ட இன்னாத்தக் கேக்கறது?"

கச்சிராயபாளையத்திலிருந்து வந்திருந்த கரும்பு விவசாயி அரங்கநாதனுக்குப் பொறுமை போயிற்று. "ஐப்பசி மழ வந்துடும் தம்பி. யாரு பேருல இருந்தா இன்னா?"

"உங்க நெலத்துல உங்களக் கேக்காம யாராச்சும் கல்லு அடுக்கினா வுடுவீங்களா?" என்றான் கண்ணாயிரம். அத்தனை பேர் பார்க்க, பாவாடையின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தாளைக் கொளஞ்சியிடம் கொடுத்தான்.

அவள் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"வரப்பு எனக்கும் வேணும். மண்ணு ஓடறதப் பாத்து வயிறு எரியறது எனக்குத்தான். ஆனா கொல்ல மேட்டுல இருக்கற பாறைக்கு மேல்பக்கமாப் போடணும். தண்ணி அங்கேர்ந்துதான் எறங்குது. நாலு வருசமாப் பாத்துக்கினு இருக்கறேன்."

அவள் சொன்ன இடமே சரியென்று முடிவாயிற்று.

வரப்புக்கு மட்டம் பார்க்க இரண்டு பேர் வேண்டும். நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இரண்டு பக்கமும் தண்ணீர் ஆடாமல் நிற்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். இந்த முனையில் கொளஞ்சி... அந்த முனையில் அவன்...

"தண்ணியப் பாக்காம என்னய ஏன் பாக்கற?"

"தண்ணி இன்னும் நிக்கலீங்க..."

"அது நின்னு ரொம்ப நேரமாச்சி!"

அவன் காது சிவந்துபோனது. கொளஞ்சி சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள். இப்படியே ஐந்து நாள்... அரை நாளில் முடிய வேண்டிய வேலை அது!

ஆறாம் நாள் காலையில் பாவாடை பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார்.

"உனக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சி! அந்தக் கண்ணாயிரத்தோட அம்மா காசியம்மாள் வெத்தல பாக்கோட என் வூட்டுக்கு வந்து கேட்டாங்க. சரின்னுட்டேன். நீ வெள்ளிமலைக்குப் போ. கொல்லைய நான் பாத்துக்கறேன்."

ஒரு கணம்... ஒரே ஒரு கணம் அவள் நெஞ்சு குதித்தது. அடுத்த கணம் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் நிலத்துக்கும் இவரிடம் சம்மதம்... எனக்கும் இவரிடமே சம்மதமா? அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நியாயம் பேசியவன், தனக்கென்று வந்ததும் பழைய புத்தியைக் காட்டிவிட்டானே! கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு பாறை மேட்டுக்கு ஏறினாள். பின்னாலேயே பாவாடையும் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

அங்கே இருபது பேர் கல் சுமந்துகொண்டிருந்தார்கள்.

"யோவ் கண்ணாயிரம்! என்னயக் கேக்க உனக்கு இன்னும் வாய் முளைக்கலியா? எங்க சித்தப்பாகிட்டயா கேட்டு அனுப்பின?"

அவன் கையிலிருந்த கல் நழுவியது. "நான் அனுப்பலீங்க! உங்கள மாதிரி ஒரு பொண்ணு உண்டான்னு வூட்டுல பொலம்பிக்கினு இருந்தேன்... அம்மா எங்கிட்டகூடச் சொல்லாம கெளம்பிட்டாங்க போல..."

"இன்னான்னு பொலம்பின?"

கல் சுமந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவன் கண்கள் இந்த முறை மிரளவில்லை.

"உன்ன எனக்குப் புடிச்சிருக்கு கொளஞ்சி. கொல்லைய வுட்டுட்டு வான்னு கூப்பிட மாட்டேன். நானே இங்க வந்து உங்கூட இருக்கறேன். இத உன்கிட்டதான் கேக்கறேன்... வேற யாருகிட்டயும் இல்ல. என்னக் கட்டிக்கிறியா? புடிக்கலன்னாலும் சொல்லிடு. வரப்பு வேல நிக்காது."

ஊரையே வாயால் அடக்கியவளுக்குத் தலை தானாகக் குனிந்தது.

பாவாடை கையைத் தட்டினார். "அப்புறம் இன்னா? சம்மதம்னு நான் சொல்றேன்..."

"சித்தப்பா!"

பாறை அதிர்ந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"நீங்க சும்மா இருங்க. என்னயத்தான் கேட்டாரு." கொளஞ்சி நிமிர்ந்து, கண் நிறைய அவனைப் பார்த்தாள். "எனக்குச் சம்மதம்."