நான்காவது பிரதி

1974, தை மாதம். உடும்பஞ்சோலைக்கு மேலே, ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் கடைசி லயத்தோடு ஜீப் பாதை முடிந்தது. பாலக்காடு கல்பாத்தியிலிருந்து வந்த சிவராமகிருஷ்ணன் ஒரு மரப்பெட்டியை இறக்கி வைத்தார். உள்ளே கேமரா. ஆட்டுக்குட்டியைப் படுக்க வைக்கலாம், அவ்வளவு பெரிய பெட்டி. பழங்காட்டு மரங்களைப் படம் பிடித்துச் சேர்ப்பது அவருக்குப் பித்து. வருஷத்து லீவெல்லாம் அதற்கே போகும்.

மேலே இருந்த காட்டுக்குள் பெட்டியைத் தூக்கி வர ஆண்கள் யாரும் முன்வரவில்லை. தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ராசம்மாள் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றினாள். அந்தக் காட்டிடம் அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரமேறிக் கிளை வெட்டப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. தோட்டத்துப் பேரேட்டில் ‘ஓடிப்போனவன்’ என்று எழுதினார்கள். அப்படி எழுதச் சொன்னவன் கங்காணி பிச்சைமணி. இன்று வழிகாட்டியும் அவன்தான்.

“ஏத்தா, பாத்து நட. நீ விழுந்து வச்சா ஒம் புருசனுக்கு யாரு சேதி சொல்றது? போடியில எவ கூடவோ உக்காந்து சோறு திங்கான்.”

“நீரு பாத்தீரா?”

“பாத்தவன் சொன்னான்.”

“சொன்னவன் பேரச் சொல்லும். போடிக்கு நடந்தே போயிக் கேக்கேன்.”

பிச்சைமணி வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் நடந்தான்.

எல்லைக்கல்லைத் தாண்டினால் சர்க்கார் காடு. பகல் பதினோரு மணிக்கே வெளிச்சம் விளக்கு வைக்கிற நேரம்போல மங்கிவிட்டது. அழுகிய இலை நாற்றமும் பாசி நாற்றமும் மூக்கில் ஏறின. சில்வண்டுகள் காது அடைக்கக் கத்திக்கொண்டிருந்தன.

பெரிய மரத்தடிக்கு வந்ததும் சத்தம் நின்றது.

அந்த மரத்தின் வேர் மடிப்புக்குள் ஒரு மாட்டைக் கட்டலாம். உச்சி கண்ணுக்கு எட்டவில்லை.

“இது வேண்டாஞ் சாமி,” என்றான் பிச்சைமணி. “ஆனை வர்ற எடம்.”

“வரட்டுமே, அதையும் எடுக்கலாம். நீர் போய் அடியில நில்லும். ஆள் நின்னால்தான் மரத்தோட உசரம் தெரியும். இந்த இருட்டுக்கு நாலு நிமிஷம் ஆகும், அசையப்படாது. அசைஞ்சா படத்துல நீர் இருக்க மாட்டீர்.”

வேறு வழியில்லாமல் பிச்சைமணி போய் நின்றான்.

சிவராமகிருஷ்ணன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அது அவருக்குப் பழகிப்போனது. ஆனாலும் வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. வந்தபோது உதடு வெளுத்திருந்தது.

“மேலே ஆராவது ஏறிண்டிருக்காளா?”

ராசம்மாள் அண்ணாந்து பார்த்தாள். கிளை. பாசி. யாருமில்லை.

அவரை ஒதுக்கிவிட்டுத் தானே துணிக்குள் புகுந்தாள்.

கண்ணாடியில் தரை மேலே இருந்தது. மரம் அதிலிருந்து கீழ்நோக்கி வளர்ந்திருந்தது. கங்காணி வௌவால்போலத் தொங்கினான்.

ஒருவன் மட்டும் நேராக நின்றான்.

கங்காணியின் தலைக்குக் கீழே நின்றான். இரண்டு கைகளும் அந்த மண்டையைப் பிடிக்கப் போவதுபோல மேலே நீண்டிருந்தன. இடது தோள் சரிந்திருந்தது. அந்தத் தோளை அவளுக்குத் தெரியும்.

கண்ணை எடுக்காமல் யோசித்தாள். இதில் எல்லாமே தலைகீழ் என்றால், இதில் நேராக நிற்கிறவன் அங்கே எப்படி இருப்பான்?

காலில் கயிறு தெரிந்தது.

வெளியே வந்தாள்.

“ஆரது?” என்றார் அவர், மூச்சுக் குரலில்.

“காளிச்சாமி. எம் புருசன்.”

கட்டிய நாள் முதல் அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை.

“நாம போயிடலாம் ராசம்மா.”

“படத்தப் பிடிங்க சாமி.”

“வேண்டாம்...”

“பிடிங்கங்கேன்!”

அவர் ஃபிலிமைச் சொருகி, லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

ஒரு நிமிஷம்.

காற்றில்லை. ஓர் இலை ஆடவில்லை.

கங்காணியின் தலைப்பாகை மெல்ல அவிழ்ந்தது.

கீழே விழவில்லை. மேலே போனது.

“ஆத்தா... யாரு அது...”

“அசையாதய்யா. இன்னும் மூணு நிமிசம் கெடக்கு. அவுக ரெண்டு வருசமா அசையல.”

பிச்சைமணிக்கு வாய் கோணியது. “ஏறச் சொன்னது நாந்தான். சர்க்கார் மரம்னு தெரிஞ்சேதான் சொன்னேன். கால்ல கயிறு சிக்கித் தொங்குனான். கத்துனான். ஃபாரஸ்ட் கார்டு வர்ற சத்தம் கேட்டுச்சு, ஒளிஞ்சிக்கிட்டேன். அவன் சத்தம் அடங்குனப்புறந்தான் வந்தேன். ஓடைக்கரையில பொதைச்சிட்டேன்...”

சொல்லிக்கொண்டே ஓடினான்.

“ஓடுறவன் ஓடட்டும். நீங்க மூடாதீங்க,” என்றாள் ராசம்மாள். மிச்ச நேரம் முழுக்க வெறும் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

மறுநாள் தோட்டத்து ஆபீசில் ராசம்மாள் முறையிட்டபோது பிச்சைமணி, “காட்டுப் பயத்துல ஒளறிட்டேன்,” என்றான். பேரேட்டை யாரும் திருத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து சிவராமகிருஷ்ணன் மூன்று படங்களோடு லயத்துக்கு வந்தார்.

“ஒரே நெகட்டிவாக்கும். மூணும் நானே பிரிண்ட் போட்டது. நீயே பாரு.”

கங்காணி நின்ற இடத்தில் புகைபோல ஒரு தீற்றல் மட்டும் இருந்தது. காளிச்சாமி தெளிவாக விழுந்திருந்தான். முதல் படத்தில் உயரத்தில் தொங்கினான். இரண்டாவதில் விரல் தரையைத் தொட்டது. மூன்றாவதில் கயிறில்லை. மண்ணில் காலூன்றி நின்றான். முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

“நாலாவது போட எனக்கு தைரியம் கிடையாது, ராசம்மா.”

“போடுங்க சாமி. ஓடிப்போனவன்னு எழுதுனாகல்ல? நடந்து வரட்டும்.”

நான்காவது படம் தபாலில் வந்தது. அதில் மரம் மட்டும் இருந்தது.

அன்று ராசம்மாள் கதவைத் திறந்து போட்டு, இரண்டு ஆளுக்கு உலை வைத்தாள். எதிர் லயத்தில் பிச்சைமணியின் வீடு பட்டப்பகலில் உள்ளே தாழிட்டுக் கிடந்தது. அவன் தனி ஆள். யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அவன் குரல் கூரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது.