கோழி வெளியே வரமாட்டாள்

நாலாவது ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து இழுத்தாள். கிழியவில்லை. கத்தரிக்கோலைத் தேட நேரமில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்து மணிக்கு இன்னும் பதினோரு நிமிடம்தான் இருந்தது. வாசற்கதவின் முன் மண்டியிட்டு, கதவுக்கும் தரைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளியில் ஈரத்துண்டைத் திணித்து, அதன் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாடாவை அழுத்தி அழுத்தி ஒட்டினாள். அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடி லேபில் லென்ஸைத் தேய்க்கிற மெஷினில் பொருத்தும்போது வழுக்காமல் இருக்க ஒட்டுகிற நாடா. சுழலும் கல்லுக்கே அசையாதது, இந்தக் கதவுக்கு அசையுமா? அசையாது.

எல்லாம் ஒரு கண்ணாடித் துணுக்கால் வந்தது.

ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, ஹாலில் தன் சாய்வு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனபோது உள்ளங்காலில் சுருக்கென்றது. குனிந்து எடுத்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை, விரலில் உருட்டியதுமே தெரிந்துவிட்டது. பதினாறு வருடமாக மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டுகிற கை அது. இது லென்ஸ் இல்லை. டம்ளர் இல்லை. ஜன்னலும் இல்லை. வண்டிக் கதவின் கண்ணாடி. உடைந்தால் கத்தி கத்தியாகச் சிதறாது, கற்கண்டு மாதிரி உதிரும்.

முதல் வெள்ளிக்கிழமை அது வாசலுக்கு வெளியே கிடந்தது. அடுத்த வெள்ளி மிதியடி மேல். போன வெள்ளி கதவுக்கு உள்ளே, செருப்பு வைக்கும் மூலையில். இன்று நாற்காலிக்கும் அந்தப் பக்கம். இவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டதா என்று மட்டும்தான் அவள் நினைத்தாள்.

வரட்டும். வந்து பார்க்கட்டும்.

போன் அடித்தது. தங்கை.

"அக்கா, இன்னைக்காவது இங்க வந்து படுத்துக்கோயேன். அவரை வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"எதுக்கு? என் வீட்டுக்குக் கூரை இல்லையா?"

"வெள்ளிக்கிழமை ஆனா உன் குரலே மாறிடுது. எனக்குத் தெரியாதா?"

"முப்பத்தெட்டு வயசுல மூட்டையைத் தூக்கிட்டுத் தங்கச்சி வீட்டு வாசல்ல வந்து நிக்கணுமா நான்? என் வீடு இது. என்னை யாரும் இங்கேர்ந்து கிளப்ப முடியாது."

"யாருக்கா உன்னைக் கிளப்பறா?"

நாடாவின் ஓரத்தை இன்னொரு தடவை அழுத்தினாள்.

"சரி, துணியையாவது பால்கனியில காயப்போடு. போன தடவை வந்தப்ப குளியலறை பூரா ஈரத்துணி, ஒரே பூஞ்சை வாடை. அவ்வளவு பெரிய பால்கனியை வச்சுக்கிட்டு..."

"வெயில்ல சாயம் போகும்."

"நல்லா சொல்ற சாக்கு. துணிக்குப் பதிலா அந்தத் திரைதான் வெயில் காயுது. போத்திக்கிட்டுத் தூங்கு. காலையில பேசறேன்."

போனைக் கவிழ்த்து வைத்தாள். பால்கனிப் பக்கம் பார்க்கவில்லை. கனத்த பழுப்புத் திரை அங்கே நாலு வாரமாக இழுத்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஊரே வெள்ளிக்கிழமை ராத்திரிக்காக வெளியே தாவும். அவள் உள்ளே தாவுவாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் அவளுக்கு வாரமே முடியும். லேப் முழுக்க ஒட்டியிருக்கும் லென்ஸ் தூளின் கந்தக வாடை போகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கழுத்து தளர்ந்த பழைய நைட்டியில், பக்கெட் வெந்நீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, பாதி படித்த தொடர்கதையை மடியில் விரித்து வைத்தால், மேல்வீட்டுக் குழாய் சொட்டுவதும் ஃபிரிட்ஜ் முனகுவதும் தவிர வேறு சத்தமில்லாத அந்த இரண்டு மணி நேரத்துக்கு எந்த ராஜாவின் அரண்மனையும் ஈடில்லை. பப்பில் என்ன இருக்கிறது? பேசுவது காதில் விழாது. மேஜையில் கை வைத்தால் ஒட்டும். பக்கத்து ஆளின் முழங்கை விலா எலும்பில் இருக்கும். இதற்கு வரிசையில் வேறு நிற்பார்களாம்.

அதனால் லேபில் அவளுக்குப் பெயர் கோழி. பொழுது சாய்ந்தால் கூண்டுக்குள் போய்விடுகிறவள்.

பெயர் வைத்தது ஒட்டடைக்குச்சி. பாலிஷ் போடுகிறவன், ஆறடி இரண்டங்குலம், அகலம் கிடையாது. "என்ன கோழி, முட்டை வைக்க நேரமாச்சா?" என்பான். வரவேற்பு மேஜைப் பெண்ணுக்குப் பெயர் வானொலி, தூக்கத்தில்கூட நிறுத்தமாட்டாள். "ஒரே ஒரு நாள் வாங்கக்கா. கூண்டு எங்கயும் ஓடிப்போயிடாது." சூப்பர்வைசர் சாருக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லை. சார்தான். அவர் இவளை "ம்மா" என்பார். வேலை வாங்கும்போது மட்டும்.

அந்த மூன்று பேருக்கும் வெள்ளிக்கிழமை என்றால் தெருக்கோடி பப். நாலு பேரில் குடிக்காதவள் இவள். வண்டி ஓட்டத் தெரிந்தவளும் இவள். பிறகென்ன, கடைகளுக்குக் கண்ணாடி கொண்டு போகும் லேப் வண்டியில் மூவரையும் பப் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைத் தன் கட்டடத்தின் கீழே நிறுத்திவிட்டு மாடிக்கு வருவாள். பத்து மணிக்குப் போன் அடிக்கும். ஒரே வார்த்தை: "போலாமா?" வெந்நீரிலிருந்து காலை எடுத்து, துடைத்து, உடுப்பு மாற்றி, இறங்கிப் போய், சாரை ஒரு மூலை, வானொலியை ஒரு மூலை, ஒட்டடையை ஒரு மூலை என்று ஊரைச் சுற்றி இறக்கிவிட்டுத் திரும்பும்போது மணி பன்னிரண்டு. மூன்று வருடம். ஒரு வெள்ளிகூட முழுசாக அவளுடையதில்லை.

நாலு வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளியன்றுதான் முதல் தடவையாகச் சொன்னாள்: "இன்னைக்கு நான் இறங்கி வரமாட்டேன். டாக்ஸி பிடிச்சுப் போங்க."

அன்று நள்ளிரவில் ஆஸ்பத்திரியில் மூன்று வெள்ளைத் துணியை விலக்கி மூன்று பேரையும் அடையாளம் காட்டியதும் அவள்தான். புறவழிச் சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் லேப் வண்டி. ஓட்டியது சார். அவர் முகத்தில் மூக்குக் கண்ணாடியின் பாதிதான் மிச்சம்; அந்த லென்ஸையும் இவள்தான் மாட்டிக் கொடுத்திருந்தாள். வண்டிச் சாவி எப்படி அவரிடம் போனது என்று போலீஸ்காரர் கேட்டார். "சாயங்காலமே பப் வாசல்ல குடுத்துட்டேன்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். லேபில் எல்லோரும் தோளைத் தட்டினார்கள். "வீட்டுல இருந்த, பொழச்ச."

ஆமாம். வீட்டில் இருந்தாள். அதில் என்ன தப்பு?

மணி பத்து.

லிஃப்ட் மேலே ஏறும் சத்தம். ஒன்றாம் மாடி. இரண்டு. கம்பி கம்பியோடு உரசி, மூன்றாம் மாடியில், இவள் வீட்டு எதிரே, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கதவு திறந்தது. காலடிச் சத்தம் இல்லை. ஆனால் வாடை வந்தது, அடைத்துவைத்த துண்டையும் நாடாவையும் மதிக்காமல்: புளித்த பீர், அதற்கடியில் பெட்ரோல், அதற்கும் அடியில் லேபின் கந்தகம்.

தட், தட், தட். மரத்தில் விரல் முட்டி.

"கோழி." ஒட்டடையின் குரல். தொண்டைக்குள் சரளை உருளுகிற மாதிரி. "போலாமா?"

மூன்று வெள்ளியாக இந்த நேரத்தில் படுக்கையறையில் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். இன்று கதவுக்கு நேரே எழுந்து நின்றாள். இடுப்பில் கை. நைட்டியில் ஈரம்.

"வரல."

"அக்கா, வீட்டுக்குப் போகணும்கா. அம்மா தேடுவாங்க." வானொலி.

"டாக்ஸி பிடிச்சுப் போ."

"ஒரு பத்து நிமிஷம்தாம்மா." சார்.

"மூணு வருஷம் ஓட்டினேன் சார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் முடியாதுன்னேன். அதுக்கு வாராவாரம் வாசல்ல வந்து நிப்பீங்களா? பயமுறுத்தினா இறங்கி வந்துடுவேன்னு நினைப்பா? இது என் வீடு. என் வெள்ளிக்கிழமை. நான் இந்தக் கதவைத் திறக்கமாட்டேன், இந்த வாசல்படியைத் தாண்டமாட்டேன், இந்த வீட்டைக் காலி பண்ணவும் மாட்டேன். தட்டித் தட்டி உங்க விரல்தான் தேயும். போங்க!"



தட்டல் நின்றது. கந்தக வாடை மெல்ல இளைத்தது. ஒட்டிய நாடாவில் ஒரு ஓரம்கூடத் தூக்கவில்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு கீழே இறங்கியது. இரண்டு. ஒன்று. நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா? ஒரு அதட்டலுக்குத் தாங்காதவர்களுக்கா நாலு வாரம் நடுங்கினோம்? கதவில் நெற்றியைச் சாய்த்து, குளிர்ந்த மரத்தின் மேல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கினாள். பக்கெட்டில் வெந்நீர் இன்னும் சூடாகத்தான் இருக்கும். தொடர்கதையில் பதினாறு பக்கம் பாக்கி.

பின்னால், ஹாலில், நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது.

அவள் திரும்பவில்லை.

சாப்பாட்டு மேஜையின் நாற்காலி. ரப்பர் கழன்ற கால். அந்தக் கீச்சு அவளுக்கு மனப்பாடம்.

இன்னொன்று.

காற்று வந்தது. தெருக்காற்று. எங்கோ ஒரு ஹாரன் தெளிவாகக் கேட்டது. மூடிய வீட்டில் அப்படிக் கேட்காது.

மூன்றாவது நாற்காலி.

திரை வளையங்கள் கம்பியில் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கிளிங். கிளிங்.

நாலாவது.

நாடா முழுக்க வாசற்கதவுக்கே செலவாகிவிட்டிருந்தது.

திரும்பினாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைந்திருந்தால் தேவலை. பால்கனிக் கதவு அகலத் திறந்திருந்தது. மேஜை ஓரமாகத் தள்ளப்பட்டு, நாலு நாற்காலியும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டாக. எல்லாம் அவளைப் பார்த்து. பின்னால் வானொலி, மடியில் கைப்பை. பக்கத்தில் ஒட்டடை, நீளக் கால்களை வண்டியில் மடக்குகிற மாதிரியே மடக்கியிருந்தான். முன்னால் இடப்பக்கம் சார். மூக்கில் பாதிக் கண்ணாடி. அசைந்தபோது அவர்கள் மேலிருந்து கற்கண்டு உதிர்ந்தது.

முன்னால் வலப்பக்கம் காலி.

"கதவைத் தட்டித் தட்டிப் பாத்தோம்மா," என்றார் சார். "நீ திறக்கல. அதான், சாவி வந்த வழியா வந்துட்டோம்."

"நான் ஓட்டமாட்டேன்." குரல் உடைந்தது. மறுபடி சொன்னாள், உடையாமல். "வெளிய வரமாட்டேன்."

"யாருக்கா வெளிய போறா?" வானொலி சிரித்தாள். வாயில் ஏதோ நறநறத்தது. "எங்களுக்கும் பப் வேணாம். நீங்கதானே சொல்லுவீங்க, வீடு மாதிரி வருமான்னு. இனிமே எல்லா ராத்திரியும் இங்கதான்."

"கூண்டு நல்லாத்தான் இருக்கு கோழி," என்றான் ஒட்டடை. "உக்காரு."

டக். டக். டக். பெல்ட் மாட்டுகிற சத்தம். பெல்ட் எதுவும் இல்லை.

சார் கையை நீட்டினார். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கையில் வண்டிச் சாவி. அதன் வளையத்தில், இவள் துளையிட்டுக் கோத்துக் கொடுத்த பழைய லென்ஸ். அதன் வழியே அவர் தோலில் பதிந்த கண்ணாடித் துணுக்கு ஒவ்வொன்றும் பெரிதாகத் தெரிந்தது.

சாவியை அவள் பப் வாசலில் கொடுக்கவில்லை. அன்று பத்தேகாலுக்கு மூவரும் இந்தப் பால்கனிக்குக் கீழே வந்து நின்று, "கோழி, போலாமா" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். அவள் வெளியே வந்தாள். "நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க, ஆளை விடுங்க" என்று சாவியை விட்டெறிந்தாள். அது விழுந்த இடத்தில் சார் குனிந்தார், தலைகுப்புற விழுந்தார், எழுந்தார், கண்ணாடியை நேராக்கிக்கொண்டு தரையைத் தடவித் தடவி, மூன்றாவது தடவையில்தான் அவர் கைக்குச் சாவி அகப்பட்டது.

பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி அவள் அன்று அதை முழுக்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வெந்நீர் ஆறிவிடுமே என்று உள்ளே வந்து, திரையை இழுத்துவிட்டாள்.