கண்ணுக்கு மட்டும் தேவதாரு

தப்பு முழுக்க அவன்மேல்தான். மழையும் சேறுமாகக் கிடந்த தெருவில் அந்த வேகத்தில் வண்டி ஓட்டி வந்தது அவன். எவேலியா சுவரோடு சுவராக ஒட்டி நின்றும் பயனில்லை. மரத்தூள் மூட்டைகளை ஏற்றிய பழைய பிக்கப் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் பாவாடை, சட்டை, நெஞ்சோடு அணைத்திருந்த படம்... எல்லாவற்றின்மேலும் சேறு.

வண்டி நின்றது. ஒருவன் குதித்து ஓடி வந்தான். அவன் கிட்டே வருவதற்குள் நாலைந்து நல்ல வசவுகளை அவள் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். ஆனால் அவன் அவளைப் பார்க்கவே இல்லை. நேராகப் படத்தின் முன்னால் குனிந்தான். தன் சட்டைக் கையாலேயே சேற்றை ஒற்றி ஒற்றி எடுத்தான். குழந்தையின் முகம் துடைக்கிற மாதிரி.

"இவங்களா..." என்றான் மெல்ல.

படத்தில் ஒரு பெண். அவிழ்த்துவிட்ட கூந்தல், ஒரு பக்கம் நழுவிய ரவிக்கை, எதிரே யார் நின்றாலும் நேராகப் பார்க்கிற கண்கள்.

இதே பெண்ணின் இன்னொரு படம் தன் மர மில்லில் மாட்டியிருக்கிறது என்றான். பக்கத்து ஊர் காபிக் கடையில் வாங்கினானாம். ஓவியர் பெயர் எ. போசோஸ். அந்தப் போசோஸ் சாரிடம்தான் அவள் வேலை செய்கிறாளா என்று கேட்டான்.

எவேலியா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. அம்மாவின் மோலே கடையில் மிளகாயும் சாக்லேட்டும் அரைத்து விழுதை டப்பாவில் அடைக்கிறவள் விரல் எப்போதும் அப்படித்தான் இருக்கும். அந்தச் சிவப்பில் பாதி வண்ணம் என்பது இந்த ஹிகோ ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நான்தான் வரைந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவன் கோயிலில் கேட்கிற குரலில் கேட்டுவிட்டான்: "இந்தப் பொண்ணு... நிஜமாவே இருக்காங்களா?"

கேட்டுக்கொண்டே நிமிர்ந்தான். படத்தைப் பார்த்தபோது அந்தக் கண்களில் விளக்கு எரிந்தது. அதே கண்கள் அவள் பக்கம் திரும்பின. சொட்டச் சொட்ட நனைந்த ஜடை, சின்ன வயதில் விழுந்து வளைந்த மூக்கு, இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு... விளக்கு அணைந்தது. மரியாதையான, அன்பான இருட்டு.

"என் சித்தப்பா பொண்ணு. பேரு இனேஸ். துறைமுகத்துல இருக்கா" என்றது அவள் நாக்கு.

அன்று இரவு, தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெண்மேல் எவேலியாவுக்குப் பொறாமை வந்தது. அந்தப் பெண் பிறந்தது அவள் கையில்தான் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

யாரும் அவளுக்கு வரையச் சொல்லித்தரவில்லை. பத்தொன்பது வயதில் மோலே டப்பாக்களில் பூப் போட்டாள். பிறகு பூ போதவில்லை. காபி மூட்டைச் சாக்கை வெட்டி, சுண்ணாம்பும் பசையும் பூசி, துணி துவைக்கிற பெண்களை வரைந்தாள். சந்தையில் தூங்குகிற பெண்களை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்களை வரைந்தாள். மூன்று வருடம் கழித்துத்தான் ஒரு நாள் கவனித்தாள்: எல்லாருக்கும் ஒரே கண். அவள் கண். அதற்குப் பிறகு ஒளிந்து பயனில்லை என்று கண்ணாடி முன் உட்கார்ந்தாள். பீரோவிலிருந்து உடைந்த துண்டுக் கண்ணாடி; அதில் ஒரு நேரத்தில் ஒரு கண் தெரியும், அல்லது ஒரு தோள் தெரியும். துண்டு துண்டாகத் தன்னைச் சேர்த்தாள். சேர்க்கும்போது வெட்டுப் புருவத்தை மட்டும் விட்டுவிட்டாள். வளைந்த மூக்கை நேராக்கினாள். தெருவில் தலை குனிந்தே நடக்கிறவள், படத்தில் ஒருத்தியை நிமிர்ந்து பார்க்கவைத்தாள்.

படங்களை விற்றுக்கொடுத்த காபிக் கடைக்காரி, பெயரைப் பார்த்து ஓவியர் ஆண் என்று நினைத்துக்கொண்டாள். எவேலியா திருத்தவில்லை. தோளைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்பது மோலே கடை ஓஃபேலியாவின் மகள் என்று தெரிந்தால் ஊர் என்ன பேசும்... அம்மா என்ன ஆவாள்...

அவன் பெயர் தாமியன். அடுத்த செவ்வாய்க்கிழமை சேற்றுக்குப் பிராயச்சித்தமாகப் படத்துக்கு ஒரு சட்டம் செய்து கடைக்குக் கொண்டுவந்தான். அடுத்த வாரம் இனேஸுக்கு என்று சொல்லி எள்ளு ரொட்டி. அதற்கடுத்த வாரம் ஒரு சீப்பு. தேவதாரு மரத்தில் அவனே இழைத்தது. அவ்வளவு நீளக் கூந்தலுக்குக் கடைச் சீப்பு தாங்காதாம். வந்தால் விடாமல் கேள்வி. இனேஸுக்கு மழை பிடிக்குமா, இனேஸ் சத்தமாகச் சிரிப்பாளா, இனேஸுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாள்?

"பாத்திரத்தை எடுத்து எறிவா. கேள்வி கேக்கறவங்க மேல" என்றாள் எவேலியா.

"உங்களை மாதிரியா?"

அவள் வெடுக்கென்று நிமிர்ந்து முறைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே மோலே டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். அவன் வீட்டில் இப்போது மோலே பதினோரு டப்பா இருக்க வேண்டும்.

ரொட்டியை அவள் ஒரே மூச்சில் தின்றாள். துறைமுகத்தில் இருக்கிறவளுக்கு ஒரு துண்டுகூட இல்லை என்று சொல்லிச் சொல்லித் தின்றாள். சீப்பைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஜடையைப் பிரித்து ஒரு தடவை வாரிப் பார்த்தாள். திருட்டுப் பொருள் மாதிரி கை சுட்டது. மறுபடி இறுகப் பின்னிக்கொண்டாள்.

"ஏண்டி, அந்த மரமில்காரன் இல்லாத பொண்ணுக்காக அலையறான். உனக்கு ஏது துறைமுகத்துல சித்தப்பா?" என்று கேட்டாள் அம்மா.

எவேலியா இன்னொரு பிடி மிளகாயை அள்ளிப் போட்டு அரைத்தாள். அன்றைக்கு அரைத்த மோலேயை வாங்கியவர்கள் காரம் அதிகம் என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

ஜூலை வந்தது. ஊரின் காவல் புனிதை மக்தலேனாவின் திருவிழா. தினம் ஒரு புது உடை மாற்றி அழகு பார்த்துக்கொள்ளும் அன்னை ஊர்வலம் வருகிற நாளில், கோயில் தெரு முழுக்கச் சாயம் தோய்த்த மரத்தூளால் கம்பளம் விரிப்பார்கள். அன்னையின் பல்லக்கு மிதிக்கும் வரை அதில் ஒரு காக்கைகூடக் கால் வைக்கக் கூடாது. எவேலியா வீட்டு வாசல் வரும் இடத்தில் அன்னையின் முகம் போடுவது வழக்கம். வருடாவருடம் அதே அச்சு அட்டையை வைத்துத்தான் தூவுவார்கள். அந்த வருடம் அட்டையைப் பூச்சி அரித்துவிட்டது. தெருப் பொறுப்பாளர் ஃபாஸ்தோ கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, நான் கையாலேயே போடுகிறேன் என்று எவேலியா சொன்னாள். டப்பாவில் பூப் போடுகிற பெண்தானே, போடட்டும் என்று விட்டார்.

காலையிலேயே தாமியன் வண்டியோடு வந்துவிட்டான். சிவப்பு, மஞ்சள், ஊதா மூட்டைகளை இறக்கிவிட்டுக் கடைசியில் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தான். சாயம் போடாத தேவதாருத் தூள், மாவு மாதிரி மூன்று தடவை சலித்தது.

"இது கண்ணுக்கு மட்டும். சாயத்துல அந்த நிறம் வராது. படத்துல இருக்கற கண்ணு மாதிரி..."

அவளுக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. மக்தலேனாவுக்கும் இனேஸின் கண்ணா? தெருவே பார்க்க, எல்லாரும் கும்பிட, அங்கேயும் அவளேதானா?

பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் மண்டியிட்டாள். சல்லடையைத் தட்டினாள். கண்ணுக்கு அந்தத் தேவதாருத் தூளையே தூவினாள். வளைந்த மூக்கைப் போட்டாள். அவிழ்ந்த கூந்தலுக்குப் பதில் இறுக்கிப் பின்னிய ஜடை போட்டாள். கடைசியில் இடது புருவத்தை நடுவில் விரலால் ஒரு கீறு கீறினாள். பார்க்கட்டும். இந்தத் தெருவில் யார் இருக்கிறாள் என்று ஒரு தடவையாவது பார்க்கட்டும்.

ஃபாஸ்தோ வந்து எட்டிப் பார்த்தார். "மக்தலேனாவுக்கு எப்போலேந்தும்மா ஜடை?"

"இன்னைலேந்து, அண்ணா."

அவர் வாய் திறப்பதற்குள் மழை வந்துவிட்டது. பாடும் கூட்டமும் பூ வைத்திருந்த கூட்டமும் சிதறின. ஆளுக்கொரு மூலையில் கம்பளத்தின்மேல் தார்ப்பாயை இழுத்தார்கள். முகத்துக்கு மட்டும் பாய் போதவில்லை. தாமியன் வண்டியிலிருந்து தன் தார்ப்பாயை உருவிக்கொண்டு ஓடி வந்தான். ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை அவன் பிடிக்க, பலகையின் இரண்டு ஓரத்திலும் குந்தி உட்கார்ந்தார்கள். தலைக்குமேல் மழை. நடுவில் அந்த முகம். ஈரத் தேவதாருவின் வாசனை...

அவன் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"இது இனேஸ் இல்ல" என்றான். பிறகு மெதுவாக, "நீ."

'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. "ஏமாத்தமா இருக்கா?" என்றாள்.

"எனக்கா? மில்லுல இருக்கற படத்தை நான் பாத்தே ரெண்டு மாசம் ஆகுது. அவ சண்டையே போட மாட்டேங்கறா."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்து இனேஸ், இனேஸ்னு..."

"அவ பேரைச் சொன்னாத்தான் நீ நிமிர்ந்து பாக்கற. வேற எதைக் கேட்டாலும் டப்பாவையே பாத்துட்டு இருப்ப. கோவத்துல பாக்கறப்போ உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு. சொந்தக்காரங்கதானே, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

இனி மறைக்க என்ன இருக்கிறது... சொன்னாள். சித்தப்பா இல்லை, துறைமுகம் இல்லை, போசோஸ் சாரும் இல்லை. சாக்கு, சுண்ணாம்பு, துண்டுக் கண்ணாடி எல்லாம் சொன்னாள். கடைசியில், அந்தப் பெண் நான்தான் என்றும் சொல்லி முடித்தாள்.

தாமியன் மறுப்பாகத் தலையாட்டினான். "இல்ல. அவ நீ கிடையாது. அவ சும்மா அழகா இருப்பா, அவ்வளவுதான். நீதான்..."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை. ஆனால் அவளுக்குச் சுரீரென்றது. இத்தனை நாள் யார்மேல் வெந்துகொண்டிருந்தாளோ, அவளுக்காகவே இப்போது கோபம் வந்தது. எவேலியா பேசாத நாளெல்லாம் பேசியவள் இனேஸ். எவேலியா குனிந்த இடத்தில் நிமிர்ந்தவள். அவளை ஒருவன் சும்மா என்பதா?

"அவளும் நான்தான்" என்றாள். குரல் தெளிவாக வந்தது. "எனக்குத் தைரியம் வர்றதுக்கு முன்னாடியே அவளுக்கு வந்துடுச்சு. அவளைக் கொறைச்சுப் பேசினீங்கன்னா இந்தப் பாயை விட்டுடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். தரையில் இருந்த முகத்தைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். அந்த விளக்கு... முதல் நாள் படத்தைப் பார்த்து எரிந்த அதே விளக்கு, இப்போது அவளைப் பார்த்து எரிந்தது.

"தப்புதான். ரெண்டு பேரும் மன்னிச்சுடுங்க" என்றான். "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, எவேலியா. இதை யார்கிட்ட சொல்லணும்?"

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க."

"சொன்னேனே."

"கேட்டுச்சு" என்றாள். "எங்களுக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

மழை விட்டது. தார்ப்பாயை மடித்து வைத்தார்கள். கோயில் மணி அடிப்பதற்குள் எவேலியா வெள்ளைத் தூளை ஒரு பிடி அள்ளி, முகத்துக்குக் கீழே முழுப் பெயரையும் எழுதினாள்: எவேலியா போசோஸ். ஃபாஸ்தோ ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு நகர்ந்தார். வாசலில் நின்ற அம்மா முகத்தைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், மகளுக்குப் பக்கத்தில் நின்ற மரமில்காரனைப் பார்த்தாள்.

"சித்தப்பா பொண்ணு வந்துட்டா போலிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பல்லக்கு வந்தது. நீல உடையில் மக்தலேனா. தூக்கி வந்தவர்களின் கால்கள் நேராக அந்த ஜடையின்மேல் இறங்கின. மூக்கு கலைந்தது, புருவம் கலைந்தது. தாமியன் தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வைத்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. மிதிக்கத்தான் போட்டது. வேணும்னா நாளைக்கு இன்னொண்ணு வரைவேன்."

பிடித்த கையை அவள் விடவில்லை. இன்னொரு கையால் இடுப்புத் துணியிலிருந்து அந்தச் சீப்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது அவளுக்குக் கொடுத்தது. மில்லுல படத்துக்குக் கீழ மாட்டி வைங்க. எனக்குத் தனியா ஒண்ணு வேணும்."

"தேவதாருலயே பண்ணட்டுமா?"

"அது அவளோடது" என்றாள் எவேலியா, நிமிர்ந்து, நேராக அவன் கண்ணைப் பார்த்து. "எனக்கு வேற மரம்."