பக்கத்துத் தடம்

மாற்றுத்திறனாளிகள் நீச்சலில் இறுதிப் போட்டி என்று அறிவித்துவிட்டார்கள். எட்டுத் தடங்களில் ஏழு காலி. நான்காம் தடத்தில் பவுலின் மட்டும் நீந்தப் போகிறாள். தண்ணீரில் விழுந்து கரையேறினால் போதும், தங்கம்.

எல்லாம் நிகர்மானியின் தயவு. ஆளைப் படுக்கவைத்து எலும்பு, தசை, நரம்பு, மூச்சு எல்லாவற்றையும் அணு அணுவாக அளந்து, உடற்குறைக்கு ஏற்ற வகுப்பைச் சொல்லும் இயந்திரம் அது. முன்பு மருத்துவர்கள்தான் பார்த்துப் பிரித்தார்கள். 'அவளுக்கு முழங்கை இருக்கிறது, எனக்கு இல்லை, இது என்ன நியாயம்?' என்று ஆளாளுக்கு மனுப் போட்டார்கள். பவுலினும் போட்டாள், காயல்பட்டினத்து ஹசீனா மீது. கேட்ட நியாயம் கிடைத்தது. ஒருத்தி உடம்பு மாதிரி இன்னொருத்தி உடம்பு உலகத்திலேயே இல்லை என்று நிகர்மானி சொல்லிவிட்டது. ஆளுக்கொரு வகுப்பு. நாற்பத்தொரு பேர் கொண்ட இந்திய அணிக்கு நாற்பத்தொரு தங்கம். மற்ற நாடுகளிலும் இதே கதைதான். அதை மட்டும் தொலைக்காட்சியில் சொல்ல மாட்டார்கள். மாலையோடு வந்தவர்களில் ஒருவர்கூட, எவ்வளவு வேகத்தில் நீந்தினாய் என்று பவுலினைக் கேட்டதில்லை.

உடை மாற்றும் அறையில், காலையிலேயே தன் தங்கத்தை வாங்கிவிட்ட ஹசீனா தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்கூட குதிக்கியா? பக்கத்துத் தடத்துல," என்றாள் பவுலின்.

"கிறுக்கா ஒனக்கு? ரெண்டு பேரையும் தூக்கிருவாங்க. பதக்கம் போச்சுன்னா அதுக்குக் குடுத்த வேலையும் போச்சு. எங்க வீட்டுல நாந்தான் மொத டிகிரி, தெரியும்லா?"

"எங்க வீட்டுலயும் நாந்தான். அதுக்காக? பக்கத்துல ஒருத்தி மூச்சு வாங்குத சத்தம் கேட்டு எத்தன வருசமாச்சு! நான் நீச்சக்காரியா, சும்மா குளிக்கவளான்னே தெரியல."

ஹசீனா துண்டை உதறினாள். "தோத்தா மறுபடி மனுப் போடுவ."

"போட மாட்டேன்."

"பாப்போம், நீ கிழிக்கத."

ஒலிப்பான் அலறியது. பவுலின் பாய்ந்தாள். முதல் மூச்சுக்கு முகத்தைத் திருப்பியபோது ஐந்தாம் தடத்தில், தனக்கும் முன்னால், தண்ணீர் வெடித்துக்கொண்டிருந்தது. ஹசீனா! அவள் கிளப்பிய அலை பவுலினின் வாய்க்குள் போனது. இருமிக்கொண்டே விரட்டினாள். பாதிக் குளத்தில் எட்டிப் பிடித்தாள். தோள் கிழிந்துவிடும் போல எரிந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரக் கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

ஹசீனா ஒரு கையகலம் முந்திச் சுவரைத் தொட்டாள்.

"தோத்துட்டேன்!" பவுலின் தண்ணீரை அறைந்து அறைந்து சிரித்தாள். "ஏட்டி, தோத்துட்டேன்டி!"

இருவரையும் ஈரத்தோடு இழுத்துப்போய் நிகர்மானியில் படுக்கவைத்தார்கள். நீச்சல் சங்கச் செயலர் தணிகைவேல் முகம் வெளிறி உள்ளே போனார். வெளியே வந்தபோது வாயெல்லாம் பல்.

"பயப்படாதீங்கம்மா! ரெண்டு பேரும் அளந்த அளவுக்கு மேலேயே நீந்தியிருக்கீங்க. பக்கத்துல ஆள் இருந்தா நரம்பு, துடிப்பு எல்லாமே மாறிடுதாம். அதனால இது வேற உடம்பு, வேற வகுப்பு. ஹசீனா பக்கத்துல நீந்துற பவுலின் ஒரு வகுப்பு. பவுலின் பக்கத்துல நீந்துற ஹசீனா இன்னொண்ணு. ஆளுக்கு ஒரு தங்கம் கூடுதல்! பவுலின், உன் பழைய தங்கத்துக்கு மட்டும் சாயங்காலம் தனியா ஒருவாட்டி நீந்திடு."

"சார், அவ ஜெயிச்சா. நான் ரெண்டாவது வந்தேன். நீங்களும் பாத்தீங்கள்லா?"

"பார்த்தேன்."

"அப்போ அப்படியே அறிவிங்க."

"ரெண்டாவதுங்கிற இடத்தையே எடுத்துட்டாங்களேம்மா."

வகுப்பு இரண்டு என்பதால் விழாவும் இரண்டு. முதலில் ஹசீனாவை ஏற்றினார்கள். ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய மேடை. கொடி ஏறியபோது பவுலின் ஓடிப்போய் மேடைக்கு வலப்பக்கம், வெறும் தரையில், ஒரு படி தாழ்வாக நின்றுகொண்டாள். ஹசீனா குனிந்து கையை நீட்டினாள்.

அதற்குள் தொண்டர்கள் இருவர் வந்து பவுலினின் தோளைப் பிடித்து விலக்கினார்கள். அடுத்த விழாவில் நீங்கள்தான் முதலிடம் என்று அன்பாக எடுத்துச் சொல்லித்தான்.