நீர்மட்டம் உயர்கிறது

காலையில் காலி செய்த ஸ்பேம் பெட்டியில் பிற்பகலில் ஓர் அஞ்சல் கிடந்தது. லாட்டரிப் பரிசோ மாத்திரை விளம்பரமோ என்று சரிஃப்மோ அலட்சியமாகத் திறந்தாள். அனுப்பியது ஏரி.

‘நீர்மட்டம் உயர்கிறது. இடம்: தர்ஷோத் ஏரிக்கரை.’

மௌஸிலிருந்து கை தானாக விலகியது. நீர்மட்டத்தை அளந்து எச்சரிக்கும் ஏரிக்கரைக் கருவி ஜூலையிலேயே போய்விட்டது. கம்பம், சூரியத் தகடு, அதை நட்டிருந்த பாறை, பாறையைத் தாங்கிய கரை எல்லாமே, ஏரி உடைந்த அன்று தர்ஷோத் ஊரின்மேல் சேறாக இறங்கின. இப்போது அங்கே ஏரியும் இல்லை, ஊரும் இல்லை. பழைய அஞ்சல் எங்கோ சிக்கிக் கிடந்திருக்கும் என்று தேதியைப் பார்த்தாள். இன்றைய தேதி.

கோரோக் என்ற மலைநகரின் ஓரத்தில், குந்த் ஆற்றைப் பார்த்தபடி இருந்தது அந்த வெள்ள எச்சரிக்கை அலுவலகம். மாடியறைக் கணினி அவள் பொறுப்பு. ஏரிக் கருவி யாக் எருது வந்து உரசினாலும் அலறும், பனிக்கட்டி மோதினாலும் அலறும். ஒவ்வோர் அலறலும் அஞ்சலாக வந்து மணியடிக்கும். எல்லோரும் ரயீஸ் என்று கூப்பிடும் தலைவர் இமோம்தோத் ஒருநாள் ஷிர்ச்சாய் என்ற பால்தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்துக் கத்தினார்.

“ஏம்மா, அந்தச் சனியனோட வாயை அடைக்க வழியே இல்லையா? ஒரு துண்டு ரொட்டியை நிம்மதியா நனைச்சுத் தின்ன விட மாட்டேங்குதே!”

“ஸ்பேமுக்குத் தள்ளிடலாம் ரயீஸ். வேணுங்கும்போது திறந்து பாத்துக்கலாம்.”

“தள்ளு, தள்ளு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

ஏரியின் முகவரியிலிருந்து வருவதெல்லாம் நேரே ஸ்பேம் பெட்டிக்குப் போகும்படி ஒரு விதி போட்டாள். அதன்பின் அலுவலகம் அமைதியாக இருந்தது. ஏரி உடைந்த அன்றும் மாலை முழுக்க அமைதியாகவே இருந்தது. மறுநாள் அந்தப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே அடுக்கடுக்காக எச்சரிக்கைகள். பின்னால் நின்று பார்த்த ரயீஸ் போய்க் கதவைச் சாத்தினார்.

கருவி எதையும் அனுப்பவில்லை என்று விசாரணையில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏரிக் காவலர் ஷோத்மான் பாட்டரியை மாற்றாமல் விட்டதுதான் காரணம் என்று முடிவானது. சேற்றுக்கடியில் கிடந்த ஷோத்மான் அதை மறுக்க வரவில்லை.

அவர் மனைவி ஷிரின்பேகிம் வந்தாள், போன வாரம். தங்கையின் பிரசவத்துக்காக நகரத்துக்கு வந்திருந்ததால் பிழைத்தவள்.

“கடைக்குப் போனா மூஞ்சியில துப்புறாங்க மகளே. உன் புருஷன் தூங்கினான், எங்க புள்ளைங்க செத்துச்சுங்கறாங்க. அவரு பாட்டரி மாத்தினாரு. மேடு வரைக்கும் நான்தான் கூடச் சுமந்தேன். இந்தப் பெட்டியில ஒண்ணுமே வரலையா? நல்லாப் பாத்துச் சொல்லு.”

“ஒண்ணும் வரலைம்மா.”

அவள் கணினியின் முதுகைப் பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது இரண்டாவது அஞ்சல். ‘இடம்: மேல் பாலம்.’ அடுத்து, ‘இடம்: மாவு ஆலை.’ அந்தக் கருவிக்கு ஏரிக்கரையைத் தவிர வேறு இடம் எதுவும் தெரியாது. ‘இடம்: பள்ளிக்கூடம்.’

கீழே ஓடினாள். ஊழியர்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ரயீஸும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

“ரயீஸ், ஏரியிலேர்ந்து அஞ்சல் வருது.”

“எந்த ஏரி?” கேட்டபின்தான் அவர் முகம் மாறியது. “எவனோ விளையாடறான். எல்லாத்தையும் அழி. அந்த விதியையும் சேத்து அழிச்சுடு. நாளைக்கு எவனாவது நோண்டினா ரெண்டு பேருக்கும் ஜெயில்தான்.”

“ஷோத்மான் மனைவிகிட்டயாவது ஒரு வார்த்தை...”

“தாராளமா சொல்லு. சொல்லிட்டு அவகூடவே போய்த் தெருவுல நில்லு.”

அவர் கார் கிளம்பிய சத்தம் தேய்ந்தது. சரிஃப்மோ மாடிக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தாள். தனியே ஒளித்து வைத்திருந்த ஜூலை எச்சரிக்கைகளை ஷிரின்பேகிமுக்கு அனுப்பிவிடலாம். ஒரே ஒரு தட்டல் போதும். விரல் அங்கேயே நின்றது. பிறகு வேலையை நினைத்தாள், வாடகையை நினைத்தாள். அவற்றையும் பெட்டியில் இருந்தவற்றையும் அழித்தாள். விதியையும் அழித்தாள்.

மணி அடித்தது.

தடுக்க விதி இல்லாததால் அஞ்சல் நேரே முகப்புக்கே வந்தது. ‘இடம்: நெடுஞ்சாலைத் திருப்பம்.’ மறுபடி மணி. ‘இடம்: குந்த் பாலம்.’

கம்பி போட்ட ஜன்னல் வழியே பார்த்தாள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்ட நவம்பர் சாயங்காலத்தில் ஆறு இளைத்துப் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது, பாலத்தில் ஒருத்தி ரொட்டியைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள், அவள் காலடியில் புழுதிதான் பறந்தது. ஆனால் சத்தம் கேட்டது; தண்ணீர்ச் சத்தம் இல்லை, தண்ணீருக்கு அடியில் பாறைகள் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டு உருண்டு வரும் சத்தம், காதில் விழுமுன் பல்லில் உணர்கிற சத்தம். கூடவே ஒரு வாடை. ஈர மண், வேரோடு கிழிந்த ஆப்ரிகாட் மரம், ஆட்டுத்தொழுவம், இவற்றுக்கெல்லாம் அடியில் இனிப்பாக வேறொன்று. ஜூலையில் மீட்பு வேலை நடந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது அறிந்த வாடை.

மணி. ‘இடம்: அலுவலக வாசல்.’

ஒயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

மணி அடித்தது.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. அந்தப் பக்கம் ஏதோ கனமாகச் சாய்ந்திருந்தது. கதவுப் பலகை மெல்ல உள்ளே வளைந்து முனகியது. போனை எடுத்து ரயீஸை அழைத்தாள். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“அழிச்சிட்டியா?”

“ரயீஸ், கதவு திறக்கலை! யாராவது வாங்க! சேறு...”

“அதை விடு. அழிச்சிட்டியா இல்லையா, அதைச் சொல்லு.”

“அழிச்சிட்டேன்.”

இணைப்பு அறுந்தது.

கதவுக்கடியில் சாம்பல் நிறச் சேறு. மெதுவாக. ஓசையில்லாமல். குளிர்ந்து அவள் செருப்பைத் தொட்டது. நாற்காலிமேல் ஏறினாள். பாறைச் சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பதில் வேறொரு சத்தம். பிறாண்டல். பொறுமையான பிறாண்டல்.

கதவின் அடி இடுக்கில் விரல்கள் தெரிந்தன. குழந்தையின் விரல்கள். நகமெல்லாம் மண். பக்கத்தில் பெரிய விரல்கள். அதன் பக்கத்தில் இன்னும். இடுக்கு நிறைய. அவை கதவைத் தட்டவில்லை. சேற்றை அள்ளின. அள்ளி அள்ளி உள்ளே தள்ளின. புதைந்தவர்கள் வெளியே வரத் தோண்டுவதுபோல.

இடுக்கு அகன்றது. முதலில் ஒரு சின்ன முழங்கை உள்ளே வந்தது.